சுவருக்கு உள்ளே வந்த பிள்ளைகள்

சேசு மரி சூசை துணை

ஓசூர்
10.2.1985

அன்புள்ள அண்ணிக்கு ஞானமேரி தோத்திரம் சொல்லி எழுதுவது. சர்வேசுரன் கிருபையில் நானும் இவரும் சுகம். அங்கே நீங்களும் அண்ணனும் பிலோமினாக்குட்டியும் சுகமாயிருக்கிறீர்களா? பிலோமினாவுக்கு இருமல் விட்டதா?

அண்ணி, ஒரு நல்ல சேதி. எனக்கு நாலாவது மாதம் நடக்கிறது. கல்யாணமாகி மூன்று வருஷமாக எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். டாக்டரம்மா எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகே எழுத உட்கார்ந்தேன். அம்மா உயிரோடு இருந்தால் அம்மாவுக்குத்தான் முதலில் எழுதியிருப்பேன். அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரிவிட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, கல்யாணம் வரைக்கும் வளர்த்தது நீங்கள். அதனால் உங்களுக்குத்தான் முதல் கடிதம்.

இவருக்குக் கம்பெனியில் ஷிப்ட் மாறி மாறி வருகிறது. வந்ததும் வராததுமாக, சாப்பிட்டாயா என்றுதான் கேட்கிறார். எங்கள் லைன் வீட்டில் பக்கத்தில் நஞ்சம்மாள் அக்கா இருக்கிறாள். பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாகப் பேசுவாள். அவள் ஒத்தாசையில் நாள் போகிறது. எனக்கு இப்போது எதைச் சாப்பிட்டாலும் குமட்டுகிறது. நம் வீட்டு ராகிக் களியும் புளிச்சாறும் மட்டும் வேண்டும் போலிருக்கிறது. இந்த ஊர் ராகியில் அந்த வாசனை இல்லை.

அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு எழுத வெட்கமாக இருக்கிறது.

உங்கள் அன்பு நாத்தனார்
ஞானமேரி


சேசு மரி சூசை துணை

சவேரியார்புதூர், கடத்தூர் வழி
18.2.1985

அன்புள்ள ஞானத்துக்கு அண்ணி ராஜமேரி ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் நலம். பிலோமினாவுக்கு இருமல் விட்டுவிட்டது. உன் உடம்பும் சவரி தம்பி உடம்பும் சுகந்தானே?

உன் கடிதத்தைத் தபால்காரர் கொண்டுவந்தபோது நான் களத்தில் புளி தட்டிக்கொண்டிருந்தேன். கையைக் கூடக் கழுவாமல் பிரித்தேன். உறையெல்லாம் புளிப் பிசுக்கு. மாதாவுக்கு ஒரு கட்டு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டிருக்கிறேன்.

உன் அண்ணனிடம் நான் வாயால் சொல்லவில்லை. கடிதத்தைக் கையில் கொடுத்தேன். வாசித்துவிட்டு மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் போனார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, அரைத்த ராகி வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்போதே மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார். அந்த மாவைத்தான் அனுப்புகிறேன். புதுப் புளியும் இருக்கிறது. ஓசூருக்குப் போகிற நம் ஊர் டிரைவரிடம் உன் அண்ணனே கொண்டுபோய்க் கொடுத்தார்.

குடத்தைத் தூக்காதே. தண்ணீரைத் தம்பி பிடித்து வைக்கட்டும். இரவு ஷிப்ட் என்றால் போவதற்கு முன் பிடித்து வைத்துவிட்டுப் போகட்டும்.

ஊரில் வேறு விசேஷம், கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பப் போகிறார்கள். வேலி முழுக்க இற்றுப்போய் மாடு ஆடெல்லாம் உள்ளே புகுந்துவிடுகிறது. நல்ல காரியந்தான்.

உடனே பதில் போடு.

அன்பு அண்ணி
ராஜமேரி


சேசு மரி சூசை துணை

சவேரியார்புதூர்
14.4.1985

அன்புள்ள ஞானத்துக்கு அண்ணி ஆசீர்வாதம். எல்லாரும் சுகம். உங்கள் சுகத்துக்குக் காத்திருக்கிறோம்.

போன மாதம் போட்ட கார்டுக்கும் பதில் இல்லை. அதற்கு முந்தின கடிதத்துக்கும் பதில் இல்லை. பாஸ்கா பண்டிகைக்காவது இரண்டு வரி வரும் என்று உன் அண்ணன் தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் நின்று நின்று போனார். டிரைவரிடம் விசாரித்தால், மாவையும் புளியையும் உன் கையில்தான் கொடுத்தேன், அம்மா நன்றாகத்தான் இருந்தார்கள் என்கிறான். அது பிப்ரவரி சேதி.

மசக்கையில் எழுத முடியவில்லையோ என்னவோ. தம்பியையாவது எழுதச் சொல். ஆறாவது மாதம் ஆகியிருக்க வேண்டும். ஏழாவது மாதத்தில் வந்து அழைத்துவரலாம் என்றிருக்கிறேன். எந்த வாரம் வரட்டும்?

ராஜமேரி


சேசு மரி சூசை

ஓசூர்
6.5.1985

அன்புள்ள அண்ணிக்குத் தோத்திரம். நாங்கள் சுகம். அங்கே எல்லாரும் சுகந்தானே.

எழுத நேரமில்லாமல் போய்விட்டது. இந்த வருஷம் ஓசூரிலும் வெயில். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். இவருக்கு வேலை அதிகம். நீங்கள் கொடுத்தனுப்பிய ராகி மாவில் பாதி இன்னும் அப்படியே இருக்கிறது.

ஏழாம் மாதத்துக்கு யாரும் வர வேண்டாம் அண்ணி. உடம்பு பரவாயில்லை. வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

பிலோமினா பாஸாகிவிட்டாளா? அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஞானமேரி


சேசு மரி சூசை துணை

சவேரியார்புதூர்
19.5.1985

அன்புள்ள ஞானத்துக்கு அண்ணி ஆசீர்வாதம். பிலோமினா பாஸ். உன் அண்ணனும் நானும் சுகம்.

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். நீ எழுதியது கொஞ்சம். எனக்கு அது போதும். எழுதத் தோன்றும்போது எழுது, இல்லாவிட்டால் சும்மா இரு. இத்துடன் உளுந்தும் பூண்டும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் அனுப்பியிருக்கிறேன். காலையில் உளுந்தங்களி கிண்டிச் சாப்பிடு. இடுப்புக்கு நல்லது. தண்ணீர்க் குடத்தை இப்போதும் தூக்காதே.

என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன், நீ கேட்டுக்கொள்.

கல்லறைத் தோட்டத்துக்கு வடக்கே ஆவாரஞ்செடியும் முள்ளும் மண்டிய மேடு உனக்குத் தெரியும். சின்ன வயதில் அங்கே விளையாடக் கூடாது என்று உங்களை விரட்டுவார்கள். ஞானஸ்நானம் பெறாமல் போன பிள்ளைகளை அங்கேதான் வைப்பது வழக்கம். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கேதான். பெரியவன் எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே போனான். அப்புறம் பிலோமினா. அவளுக்குப் பின்னால் வந்தவள் ஆறாம் மாதத்தில் போனாள். உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் நான் மூன்று என்றுதான் சொல்வேன். ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று என்கிறாளே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

இப்போது சுவர் அந்த மேட்டை வெளியே தள்ளிவிட்டு வரப் போகிறதாம். மேட்டைச் சமன்படுத்தி, கடலைக் காட்டுக்கு டிராக்டர் போக வழி விடுவார்களாம். 

விதைக்குக் கடலை உரிக்க தீர்த்தம்மாள் வந்திருந்தாள். அடுத்த காட்டில் கொட்டாய் போட்டு இருப்பவள், அவளுக்கும் ஒரு பிள்ளை அப்படிப் போயிருக்கிறது. நான் சொல்லி அழுததும், உங்க பிள்ளைங்களை வெச்ச எடம் எதுங்கக்கா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தூக்கிக்கொண்டு போன இரண்டு தடவையும் நான் அறையில் படுத்துக் கிடந்தேன். அந்த மேட்டில் எந்த இடம் என்று இன்றைக்கு வரைக்கும் யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. தீர்த்தம்மாளுக்கு அவள் வீட்டுக்காரர் காட்டியிருக்கிறாராம். அவர்கள் நம் வேதமில்லை, சொந்தக் கிணற்று மேட்டில் வேம்புக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவாளாம்.

அன்று சாயங்காலம் உன் அண்ணன் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். போய்க் கேட்டேன். "நம்ம பிள்ளைங்களை எந்த எடத்துல வெச்சீங்க?"

கையில் வைக்கோலோடு அப்படியே நின்றார். பிறகு அதைப் போட்டுவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விட்டார். 

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அண்ணி
ராஜமேரி


சேசு மரி சூசை துணை

ஓசூர்
9.6.1985

அன்புள்ள அண்ணிக்கு ஞானமேரி தோத்திரம். உளுந்தும் மற்றதும் வந்து சேர்ந்தன. தினமும் களி கிண்டுகிறேன். இவரும் சாப்பிடுகிறார். உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

அண்ணன் அப்புறம் என்ன சொன்னார்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம். அவரை விட்டுவிடாதீர்கள். கோபித்தாலும் கேளுங்கள்.

அந்த மேட்டை அவர்கள் தொட விடாதீர்கள். உங்களால் முடியும். எனக்குப் பத்தாவது படிப்பு வேண்டாம் என்று பெரியப்பா சொன்னபோது, கடத்தூர் பள்ளிக்கூடத்துக்கு நீங்களே என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போனீர்கள். அன்றைக்கு வீட்டில் ஒருவரும் உங்களோடு பேசவில்லை. நீங்கள் பாட்டுக்கு உலை வைத்தீர்கள். அதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

நாம் ஏன் அண்ணி கேட்காமலே இருந்துவிடுகிறோம்? கேட்டால் தாங்க மாட்டோம் என்று நமக்கே பயமா, அவர்களுக்குப் பயமா?

பதிலை எதிர்பார்க்கும்
ஞானமேரி


சேசு மரி சூசை துணை

சவேரியார்புதூர்
21.7.1985

அன்புள்ள ஞானத்துக்கு அண்ணி ஆசீர்வாதம். ஆடி பிறந்து ஒரு மழை பெய்தது. கடலை போட்டாயிற்று. அதனால்தான் தாமதம். எல்லாரும் சுகம்.

உன் அண்ணன் ஒரு வாரம் கழித்துப் பேசினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "எடம் தெரிஞ்சா நீ அங்கயே போயி உக்காந்துக்குவியோன்னு பயந்தேன்," என்றார். அவ்வளவுதான். நான் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

பிறகு நான் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். இந்த ஊருக்குப் புதிதாக வந்திருக்கிற சின்ன வயசுக்காரர். பொறுமையாகக் கேட்டார். இப்போது திருச்சபைச் சட்டத்தில், ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்த பிள்ளைக்கு அடக்கச் செபம் செய்ய ஆயர் உத்தரவு கொடுக்கலாம் என்று இருக்கிறதாம். சேலத்தில் இருக்கிற பிஷப்புக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார். ஆனால் சுவர் எங்கே போகிறது என்பது ஊர்க்காரர்கள் கூடி முடிவு செய்தது, அதில் நான் தலையிட முடியாது, பெரியதனக்காரரைப் பாருங்கள் என்றார்.

பெரியதனக்கார மாமா வீட்டுக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை ஞானம். காட்டுக்கு வழியில்லாமல் கடலை மூட்டையைத் தலையில் சுமந்து வருகிறவர்களின் கஷ்டத்தைச் சொன்னார். அதுவும் நியாயந்தான். கடைசியில், "அந்த முள்ளுக்குள்ள யாரு எங்க இருக்காங்கன்னு யாருக்கும்மா தெரியும்? எடத்தைக் காட்டுங்க, பாக்கலாம்," என்றார்.

அவர் மனைவி ஆரோக்கியம்மாள் அத்தை எனக்கு மோர் கொடுத்தார். அறுபதைத் தாண்டியவர். நாங்கள் பேசியதையெல்லாம் கதவோரம் நின்று கேட்டார்.  நான் கிளம்பியபோது தெருமுனை வரைக்கும் கூடவே வந்தார். என் கையைப் பிடித்திருந்தார், விடவே இல்லை. அவருக்கும் அங்கே பிள்ளைகள் உண்டு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாகப் போனேன். இப்படி இத்தனை வீட்டில் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. ஒருத்தி நான் கேட்டதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். ஒருத்தி, எனக்கு அப்படியெல்லாம் எதுவும் இல்லை என்று கதவைச் சாத்தினாள். மறுநாள் காலையில் குழாயடியில் என் பக்கத்தில் வந்து நின்று, "ரெண்டு," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். ஆனால் இடம் ஒருத்திக்கும் தெரியாது. என்னைப் போலத்தான் எல்லாரும் அறையில் படுத்துக் கிடந்திருக்கிறார்கள். கொண்டுபோனவர்கள் ஆண்கள்.

அவரவர் வீட்டில் கேட்பது என்று பேசி வைத்திருக்கிறோம். என்ன ஆகும் என்று தெரியவில்லை. எங்களுக்காக ஒரு ஜெபமாலை சொல்.

ராஜமேரி


சேசு மரி சூசை துணை

சவேரியார்புதூர்
3.9.1985

அன்புள்ள ஞானத்துக்கு அண்ணி ஆசீர்வாதம். நீயும் தம்பியும் சுகந்தானே? உன்னிடமிருந்து பதில் வரவில்லை. இருந்தாலும் இதை உனக்கு எழுதாமல் இருக்க முடியாது.

முந்தாநாள் ஞாயிறு பூசை முடிந்ததும் சுவருக்கு நூல் பிடிக்க மாயவன் கொத்தனார் வந்துவிட்டார். அரூர்ப் பக்கத்து ஆள். முளை அடித்து, நூலை இழுத்துக் கட்டிவிட்டார். மறுநாள் கடக்கால் தோண்ட வேண்டியதுதான் பாக்கி. பெரியதனக்கார மாமா குடை பிடித்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்கள் எல்லாரும் அந்தப் பக்கம். பெண்கள் நாங்கள் கோயில் வாசலில். போய் மறித்து உட்காரலாம் என்றாள் ஒருத்தி. வீட்டில் கேட்டோமே, ஒருத்தராவது வாயைத் திறந்தார்களா, இனி என்ன செய்ய என்றாள் இன்னொருத்தி.

அப்போது உன் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, நூலைத் தாண்டி மேட்டில் ஏறினார். முள்ளைக் கையால் விலக்கிக்கொண்டு போய் ஓர் ஆவாரஞ்செடி பக்கத்தில் நின்றார். திரும்பிப் பார்த்து, அத்தனை பேர் முன்னாலும் கூப்பிட்டார். "ராஜமேரி, இங்க வா."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வெளியிடத்தில் அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. போனேன். பிலோமினாவும் என் சேலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இது பெரியவன்," என்றார். கொஞ்சம் தள்ளிக் கையைக் காட்டினார். "அது சின்னவ. அண்ணன் பக்கத்துலயே இருக்கட்டும்னு வெச்சேன்."

 இத்தனை முள்ளுக்குள் எப்படி இடம் தெரிகிறது என்று கேட்டேன்.

"நானே தோண்டினேன். எனக்குத் தெரியாம போவுமா?"

ஞானம், இத்தனை காலம் இந்த மனிதருக்கு நெஞ்சில் ஒன்றும் இல்லையோ என்று சில நாள் நினைத்திருக்கிறேன். அந்த மண்ணில் அவர் நின்ற நிலையைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியாது. பிலோமினா அப்பாவைப் பார்த்து, அப்போ நான் நடுப் பிள்ளையா என்று கேட்டாள். ஆமாம் கண்ணு என்றார்.

நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே பால் சொசைட்டியில் வேலை செய்கிறவர் நூலைத் தாண்டி வந்தார். தன் பிள்ளையை வைத்த இடத்தில் போய் நின்றுகொண்டார். பிறகு டிரைவர். பிறகு ஒருவர் பின் ஒருவராக ஏறி வந்தார்கள். சிலர் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். சிலருக்குக் கூப்பிட வாய் வரவில்லை, மனைவியே போய்ப் பக்கத்தில் நின்றாள். மனைவியைப் பறிகொடுத்த ஒருவர் தனியாக வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நடக்க முடியாத ஒரு பெரியவரை மகன்கள் தாங்கிக்கொண்டு வந்தார்கள். எனக்கு முன்னால் ஒருத்தன் இருந்தானா என்று மூத்த மகன் அவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அந்த முள் மேடு முழுக்க மனுஷர்கள். ஒருவர் நின்ற இடத்தில் இன்னொருவர் நிற்கவில்லை. ஒருவரும் தடுமாறவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் வைத்திருந்திருக்கிறார்கள்.

மாயவன் கொத்தனார் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

பெரியதனக்கார மாமா ரொம்ப நேரம் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு குடையை மடக்கினார். கோயில் வாசலுக்கு வந்து ஆரோக்கியம்மாள் அத்தையைப் பார்த்து, "வா," என்றார்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா உங்களுக்கு?" என்றார் அத்தை. குரலை உயர்த்தவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

மாமா கையை நீட்டினார். அத்தை பிடித்துக்கொண்டார். மாமா மேட்டின் கிழக்குப் பக்கம் கூட்டிப்போய், "இங்க ரெண்டு பேரு. அந்த நொச்சிக்குக் கீழ ஒருத்தன்," என்று காட்டினார். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்தார். தூங்குகிற பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல மண்ணைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். மாமா குனிந்து அத்தைக்கு வெயில் படாமல் குடையை விரித்துப் பிடித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தபடியே கொத்தனாரைக் கூப்பிட்டார். "மாயவா, மொளையைப் புடுங்கு."

"அப்பறம் எங்கங்க அடிக்கிறது?"

"இவங்க நிக்கிறதுக்கு அந்தாண்ட."

"சுவரு கோணலா வருமுங்களே."

"வரட்டும்."

டிராக்டருக்கு வழி என்று யாரோ இழுத்தார்கள். என் காட்டு ஓரத்தில் விடுகிறேன் என்று மாமா சொல்லிவிட்டார். முதலில் எதிர்த்தவர் அவர். தன் நிலத்தையே கொடுத்து முடித்தவரும் அவர். அப்படி மனம் மாறுவதற்கும் ஒரு பெருந்தன்மை வேண்டும்.

சாமியார் வந்தார். சேலத்திலிருந்து உத்தரவும் வந்துவிட்டது என்றார். அவரவர் நின்ற இடத்திலேயே செபம் சொன்னோம். இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அந்த மேட்டையும் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார்.

உளுந்து தீர்ந்திருந்தால் எழுது. தம்பியைக் கேட்டதாகச் சொல்.

அன்பு அண்ணி
ராஜமேரி


சேசு மரி சூசை துணை

ஓசூர்
6.10.1985

அன்புள்ள அண்ணிக்கு ஞானமேரி தோத்திரம். நாங்கள் இருவரும் சுகம். இந்தத் தடவை அதை உண்மையாகவே எழுதுகிறேன். அண்ணனுக்கும் பிலோமினாவுக்கும் என் அன்பு.

நான் எழுதாததை நீங்கள் தெரிந்துகொண்டுவிட்டீர்கள் என்று உளுந்துப் பை வந்த அன்றே எனக்குத் தெரியும். உளுந்தும் பூண்டும் கருப்பட்டியும் பிரசவமானவளுக்குத்தானே கொடுப்பார்கள். பையைப் பிரித்ததும் அழுதேன். ஏன் அழுகிறாய் என்று நஞ்சம்மாள் அக்கா கேட்டாள். ஊரிலிருந்து உளுந்து வந்திருக்கிறது என்றேன். பாவம், அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மார்ச் மாதம், தவசுகாலத்தில் போய்விட்டது அண்ணி. ஐந்து மாதம் முடியவில்லை. திடீரென்று வலி. ஆஸ்பத்திரிக்குப் போனோம். எனக்கு நினைவு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருப்பதே நல்லது, மறந்துவிடு, அடுத்தது வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். என் மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார்கள். இவர் ஒன்றுமே சொல்லவில்லை. உங்களுக்கு எழுதிவிட்டால் அது நடந்தது நடந்ததாகவே ஆகிவிடும் என்று எழுதாமல் இருந்தேன்.

உங்கள் போன கடிதத்தை ஒரு மாதம் பெட்டியில் வைத்திருந்தேன். இன்றைக்குப் பூசை முடிந்து வந்ததும் இவருக்கு வாசித்துக் காட்டினேன். அண்ணன் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட இடம் வந்ததும் என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. இவர் வாங்கி மீதியைத் தனக்குள் வாசித்தார். மடித்துக் கொடுத்தார். நான் கேட்டேன். "நம்ம பிள்ளையை என்னங்க பண்ணாங்க?"

"இரு, சைக்கிளை எடுத்துட்டு வரேன்," என்றார்.

நான் பின்னால் உட்கார்ந்து போனேன். ஊருக்கு வெளியே நம் கோயில் கல்லறைத் தோட்டம். அதன் வேலியோரம் சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக இருக்கும். மூன்றாவது மரத்தடியில் சைக்கிளை நிறுத்தினார். சின்னதாக ஒரு கல் இருந்தது. களை இல்லை. இவர்தான் வந்து வந்து பிடுங்கியிருக்கிறார்.

பிள்ளையை ஆஸ்பத்திரியில் விடவில்லையாம். கேட்டு வாங்கி, எங்கள் கல்யாணத்துக்கு அண்ணன் எடுத்துக் கொடுத்த வேட்டியில் சுற்றி, சைக்கிளில் கொண்டுவந்திருக்கிறார். அந்த வேட்டி எங்கே என்று நான் பெட்டியைக் குடைந்து தேடியிருக்கிறேன். "நான் ஒரு ஆளுதான் இருந்தேன். பரலோக மந்திரம் சொன்னேன். ஆமென் சொல்லவும் ஆளில்ல. அதையும் நானே சொல்லிக்கிட்டேன்," என்றார்.

என்ன குழந்தை என்று அப்போதுதான் கேட்டேன். அதுவரைக்கும் அதைக்கூட நான் கேட்கவில்லை.

"பொண்ணு," என்றார்.

எனக்கு ஒரு பெண் அண்ணி. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். இன்று இரண்டு பேரும் சேர்ந்து பரலோக மந்திரம் சொன்னோம். ஆமென் நான் சொன்னேன்.

நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் அந்த மேட்டில் ஒருவரும் ஏறியிருக்க மாட்டார்கள். நானும் இவரிடம் கேட்டிருக்க மாட்டேன். இதற்கெல்லாம் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ராகி மாவை இன்று சலித்து வெயிலில் காயப்போட்டிருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. ராத்திரிக்குக் களி.

உங்கள்
ஞானமேரி


சேசு மரி சூசை துணை

சவேரியார்புதூர்
21.10.1985

அன்புள்ள தங்கை ஞானமேரிக்கும் மாப்பிள்ளை சவரி அவர்களுக்கும் அருள்நாதன் எழுதுவது. நாங்கள் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

உன் அண்ணி உன் கடிதத்தை வாசித்தாள். பதில் எழுத உட்கார்ந்தாள். நான் எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்.

சுவர் மேட்டைச் சுற்றி எழும்பிவிட்டது. பூச்சு மட்டும் பாக்கி. கல்லறைத் திருநாளுக்கு முள்ளெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்துவிட்டோம். இங்கே நம் பிள்ளைகள் இரண்டு பேரையும் உன் அண்ணியும் பிலோமினாவும் பார்த்துக்கொள்வார்கள்.

நான் வெள்ளிக்கிழமை, நவம்பர் முதல் தேதி மத்தியானம் தருமபுரியில் பஸ் ஏறுகிறேன். சனிக்கிழமை திருநாளுக்கு உங்களோடு இருப்பேன். பஸ் ஸ்டாண்டுக்கு மாப்பிள்ளையை வரச் சொல். அந்தப் பிள்ளையை அவர் தனியாகக் கொண்டுபோனார் என்று கேட்டதிலிருந்து எனக்கு அவரைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

என் தங்கை மகளுக்கு நான் தாய்மாமன். ஒரு பிடி மண் என் கையால் போடவில்லை. எனக்குத் தெரியாமல் போய்விட்டது. வந்து போடுகிறேன்.

பூ, மெழுகுவர்த்தி எதையும் நீங்கள் வாங்க வேண்டாம். அதெல்லாம் மாமன் வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

உன் அண்ணன்
அருள்நாதன்